கும்மாயம் போடுவதற்கு முன்: பாலக்காட்டுக் கணவாய் எல்லையில் வீட்டுக் காய்கறி

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் காய்கறி போடுகிறவர்களுக்கு யோசனை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. கேரளத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் தரும் மலையாளத் தாள் ஒன்று சொல்லும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை வேறொன்று சொல்லும். இரண்டிலும் தப்பில்லை. எந்த மண்ணை நினைத்து எழுதினார்கள் என்பதில்தான் சிக்கல்.

கேரளத்தின் பெரும்பகுதி வெட்டுக்கல் மண். மழையில் சத்து கரைந்து ஓடி, புளிப்பு ஏறிய மண். அதனால் அங்கே எந்தப் பயிருக்கும் முதல் வேலை கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு போடுவது. ஆனால் கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் இருப்பது சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில்தான். பல இடங்களில் தோண்டினால் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, வரும். அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அதன் தலையில் இன்னும் கும்மாயத்தைக் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணோடு பூட்டிக்கொள்ளும், வேரால் எடுக்க முடியாது. கொழுந்து வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து யூரியா போடுவார்கள், செடி இன்னும் மோசமாகும். இந்த எல்லைப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

மண்ணைப் பார்ப்பது

மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். அதன் மேல் நாலைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். கும்மாயம் வேண்டாம், அடுப்புச் சாம்பல் வேண்டாம், முட்டை ஓடும் வேண்டாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. சாம்பலை நல்ல உரம் என்று நினைத்து அள்ளிப் போடுகிறவர்கள் பலர். புளிப்பு மண்ணில் அது நல்லதுதான், சுக்காங்கல் மண்ணில் கெடுதல்.

நுரைக்கவில்லை என்பதாலேயே மண் புளிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்ணான பி.எச். பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் ‘வி’ வடிவில் வெட்டி, வெட்டின் பக்கவாட்டிலிருந்து மண் சுரண்டி, கலந்து, நிழலில் காயவைத்து அரைக் கிலோ எடுத்துக் கிருஷி பவனில் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். பி.எச். 6-க்குக் கீழே இருந்தால் ஒரு சென்டுக்கு 2 கிலோ கும்மாயம், மாடியில் செடி வளர்க்கும் பை என்றால் பைக்கு 25 முதல் 30 கிராம். போட்டுக் கிளறி, ஈரம் கொடுத்து, 10 முதல் 15 நாள் விட்டுவிட்டுத்தான் சாணமும் மற்ற உரமும் போட வேண்டும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒன்றாகக் கலந்தால் சாணத்தில் உள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மூக்கில் ஏறும் அமோனியா நெடியே அதற்குச் சாட்சி. பி.எச். 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் பற்றிப் பேசலாம், அதுவும் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் மட்டும். 7.5, 8 என்று இருந்தால் நன்றாக மக்கிய தொழுவுரத்தை இரண்டு மடங்காக்கினாலே போதும்.

பைக் கலவையும் நார்க்கழிவும்

மொட்டை மாடிக்கு அளவான க்ரோ பேக் 24 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ளது. செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு. பைக்கு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம், எலும்புத் தூள் 50 கிராம். சுண்ணாம்பு மண்ணில் எலும்புத் தூள் கரையாது, காசுக்குக் கேடு, விட்டுவிடுங்கள். கரிசலைப் பையில் நிரப்பக் கூடாது. ஈரத்தில் களியாகும், காய்ந்தால் பை ஓரத்திலிருந்து விலகி வெடிக்கும், ஊற்றுகிற தண்ணீர் அந்த வெடிப்பு வழியே ஓடிவிடும். கரிசல் மட்டும்தான் கிடைக்கும் என்றால் பாதிக்குப் பாதி ஆற்று மணலோ எம்-சாண்டோ சேருங்கள். பையின் விளிம்பிலிருந்து 5 செ.மீ. காலி விட்டு நிரப்பி, செங்கல் மேல் வையுங்கள். அடியில் உள்ள ஓட்டை தரையோடு ஒட்டினால் நீர் வடியாது.

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் சாலையோரத்தில் நார் மில்களின் கழிவு மலை மலையாகக் குவிந்து கிடக்கும். சும்மாவே கிடைக்கிறது என்று வண்டியில் அள்ளி வந்து பையில் போட்டால் நாற்று முளைத்த பத்தாவது நாளே நுனி கருகும். பச்சைக் கழிவில் உப்பும் கசப்பான டானின் சாறும் இருக்கிறது. மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் உப்பு இன்னும் அதிகம். மக்காத நார், மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தான் மக்குவதற்காக இழுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து கறுத்துப்போன பழைய குவியலாகப் பார்த்து எடுங்கள். சாக்கில் கட்டித் தொட்டியில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த நீர் தேநீர் நிறம் மாறி வெளிறும்வரை, பொதுவாக மூன்று நான்கு தடவை, இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கலவையில் போடும் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தை ஏற்றிப் போட்டால் வேரழுகலுக்கு முன்கூட்டியே கட்டுப்பாடு. 9 கிலோ உலர்ந்த சாணம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 100 முதல் 200 கிராம் டிரைக்கோடெர்மா தூள். புட்டுக்கு மாவு பிசைகிற பதத்தில் ஈரம். நிழலில் ஒரு அடி உயரக் குவியலாக்கி ஈரச் சாக்கால் மூடுங்கள். ஒரு வாரத்தில் கிளறி மறுபடி மூடினால் இரண்டு வாரத்தில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும். வெயிலில் வைத்தாலோ ஈரம் அதிகமாகிச் சொதசொதத்தாலோ வராது.

தண்ணீர்

கிழக்குச் சித்தூர் மழை மறைவுப் பகுதி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம், சோப்பு நுரைக்காது. பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஈரப்படுத்துவதால் உப்பு வெளியேற வழியில்லாமல் மேலே தங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வழக்கத்தை விட இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு, அடியில் நன்றாக வடியவிடுங்கள். மழை பெய்தால் பையை மூடிவைக்காதீர்கள், மழை நீர்தான் உப்பைக் கழுவும் மருந்து. கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால் அதை மருந்து கலக்குவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

வெயில் காலத்தில் காய்க்கிற செடிக்கு ஒரு பைக்கு நாளுக்கு 2 லிட்டர், காலை பாதி மாலை பாதி. மேலே காய்ந்த தென்னை ஓலையோ சருகோ மூடாக்குப் போட்டால் கணிசமாக மிச்சமாகும்.

காற்றும் பட்டமும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு வாய் திறந்திருப்பது பாலக்காட்டுக் கணவாய். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று பாயும். மாடியில் ஆனி, ஆடிக்குப் பைகளைப் படிக்கட்டு அறையின் கிழக்குப் பக்கம் நகர்த்துங்கள், மார்கழிக்கு மேற்குப் பக்கம். தரையில் போடுகிறவர்கள் காய்கறி விதைக்க மூன்று வாரம் முன்பே காற்று வரும் பக்கத்தில் மக்காச்சோளமோ சோளமோ இரண்டு வரிசை நெருக்கமாக விதைக்கலாம். அது காற்றை உடைக்கும், வெள்ளை ஈயையும் ஓரளவு தடுக்கும். சுவர் எழுப்பினது மாதிரி முழுக்க அடைத்துவிட்டால் காற்று மேலே ஏறிச் சுழன்று உள்ளே விழும். பாதி ஊடுருவ விடும் பச்சை வலைதான் நல்லது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மானாவாரிக் கணக்கு. தண்ணீர் வசதியுள்ள வீட்டுத் தோட்டத்தில் பண்டிகையை வைத்தும் கணக்குப் போடலாம். ஓணத்துக்கு வெண்டை, நீளப் பயறு, பாகல், புடலை வேண்டுமென்றால் மே கடைசிக்கும் ஜூன் பாதிக்கும் இடையில் விதைக்க வேண்டும். வெண்டை 45 நாள், பயறு 50, பாகலும் புடலையும் 60 நாளை ஒட்டிக் காய்க்கும். விஷுக் கணிக்கு வைக்கும் மஞ்சள் வெள்ளரிக்கு 60 முதல் 70 நாள். தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் ஆடியில், பரங்கி புரட்டாசிக்குள்.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் காலத்தில் தக்காளியில் பூ கொட்டும். அது நோய் இல்லை. பகல் 35 டிகிரிக்கு மேல் போய் இரவும் குளிராவிட்டால் மகரந்தம் வேலை செய்யாது. அந்த இரண்டு மாதம் தக்காளிக்கு மருந்து தேடுவதை விட வெள்ளரி, கொத்தவரை, தண்டுக்கீரை போடுவது புத்திசாலித்தனம்.

விதை, நாற்று

பாகல் விதையை 24 மணி நேரம், வெண்டை விதையை 12 மணி நேரம் ஊறவையுங்கள். பாகல் விதையின் மொட்டை முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளினால் சீக்கிரம் முளைக்கும். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்துவிட்டால் விதை நேர்த்தியும் ஆயிற்று. கீரை விதையை எறும்பு இழுத்துப் போகாமல் இருக்க ரவை கலந்து தூவுவது நல்ல பழக்கம், எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போகும். மணலும் கலந்தால் விதை ஒரே இடத்தில் கொட்டாது.

தக்காளி, கத்தரி நாற்று 25 நாளில், மிளகாய் 30 முதல் 35 நாளில் நடலாம். சாயங்காலம் நடுங்கள். வேரை 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்த ஒரு லிட்டர் நீரில் 20 நிமிடம் முக்கி வையுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை பைக்கு ஒன்று, நீளப் பயறு இரண்டு. இரண்டு மிளகாய் நாற்றை ஒரே பையில் வைத்தால் ஒரு செடி தரும் காய்தான் இரண்டும் சேர்ந்து தரும்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள்

கீழ் இலை முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை 2 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் புளிக்க வைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். கீழ் இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவே மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். புளிப்பு மண்ணில் அதிகம் வரும். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறை. சுக்காங்கல் மண்ணின் அடையாளமே இதுதான். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், ஒரு லிட்டர் மழைத் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு. மாலையில், வாரம் ஒரு முறை, மூன்று முறை. கரைசல் துருவின் நிறத்துக்கு மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள், இரும்பு படிந்துபோய்விட்டது, இனி இலைக்குள் போகாது. கடினத் தண்ணீரில் கலக்கினால் கண்ணெதிரிலேயே அப்படி மாறும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. புளிப்பு மண்ணில் கும்மாயம் உதவும். கிழக்கே, மண்ணிலும் தண்ணீரிலும் சுண்ணாம்பு நிறைந்திருக்கும் இடத்தில், முட்டை ஓடு போட்டுப் பயனில்லை. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் அங்கே காரணம். தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த கொத்துக் காய் நன்றாக வரும்.

மிளகாய் இலைச் சுருட்டு: மூன்று காரணம்

இலை சுருண்டது என்று சொன்னதும் கடையில் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் சுருண்ட பக்கத்தைப் பாருங்கள்.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி ஆனால் இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டினால் நூல் துண்டு போல் மஞ்சள் பூச்சி ஓடும். காற்றடிக்கும் வறண்ட நாளில் பெருகும். தினமும் காலையில் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, நீல ஒட்டு அட்டை, வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய்க் கரைசல்.

ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக் காம்பு நீண்டு எலிவால் போல் ஆகி, இலையடி கரும்பச்சையாக மினுங்கினால் மஞ்சள் முரணைச் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். கேரளத்தில் இதை மண்டரி என்பார்கள். பூச்சிக்கான மருந்து இதைக் கொல்லாது, சிலந்தி பூச்சி இனமே இல்லை. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், இலையடியில், மாலையில். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் மாதத்தில் கந்தகம் இலையைச் சுடும். எண்ணெய்க் கரைசல் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தாலும் சுடும். பாகல், வெள்ளரிக்குக் கந்தகம் ஆகாது.

இலை சிறுத்து, மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கிப் புதர் மாதிரி நின்றால் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. மருந்தே கிடையாது. பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாவம் பார்த்து வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்குப் போகும். வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலுக்கும் இதே விதி. கோடை விதைப்பில்தான் அது பேயாட்டம் ஆடும். அர்க்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகமும், விதைத்த பத்தாம் நாளே செடி உயரத்தில் கட்டும் மஞ்சள் அட்டையும்தான் கையில் உள்ள வழி.

பச்சையாகவே வாடும் கத்தரி

காலையில் நன்றாக நின்ற கத்தரியோ தக்காளியோ மதியம் தொங்கி, இரண்டு நாளில் மஞ்சளே ஆகாமல் பச்சையாகச் செத்தால் பாக்டீரியா வாடல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் நோய்க்குத்தான் வசதி. உறுதிப்படுத்துவது எளிது. தரையை ஒட்டித் தண்டை வெட்டி, ஒரு சாண் துண்டை, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கீழே இறங்கினால் அதேதான். இழை வராமல், கீழ் இலையிலிருந்து மஞ்சளாகி மெதுவாக வாடினால் பூசண வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு.

பாக்டீரியா வாடல் வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. புளிப்பு மண்ணும் தேங்கும் ஈரமும் அதற்குப் பிடிக்கும் என்பதால், சித்தூர், நெம்மாறை, கொல்லங்கோட்டுக்கு மேற்கே போகப் போக இது பெரிய தலைவலி. அங்கே ரகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வைத்தியம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கத்தரியில் சூர்யா, ஹரிதா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, மிளகாயில் உஜ்வலா, அனுக்கிரகா எல்லாம் இந்த வாடலைத் தாங்குபவை. உங்களுக்குப் பழகிய ரகம்தான் வேண்டுமென்றால் சுண்டைக்காய் வேரின் மேல் ஒட்டுக் கட்டிய கத்தரி நாற்று வாங்குங்கள். ஒட்டுக்கு மேலே மண் ஏறக் கூடாது. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் சுண்டைத் தளிரை அவ்வப்போது கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுண்டைக்காய்தான் பறிப்பீர்கள்.

பாவக்காப் பந்தலில் பழ ஈ

பிஞ்சு ஒரு பக்கம் கோணி, பருவத்துக்கு முன்னே மஞ்சளாகி, வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. பொறி வைத்தும் அடங்கவில்லை என்பவர்கள் பொறிக்குள் ஈயை இழுக்க மருந்து ஏற்றி வைத்திருக்கும் கட்டை எது என்று பாருங்கள். முதலமடை மாந்தோப்புகளில் கட்டுவது மீத்தைல் யூஜினால். அது மா ஈயைத்தான் இழுக்கும். பாகல், புடலை, வெள்ளரி ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் கட்டை வேண்டும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். துளசிச் சாறு பொறியும் மா ஈக்குத்தான் பொருந்தும். இரண்டு கட்டையும் ஆண் ஈயை மட்டுமே பிடிக்கும் என்பதால், பூக்கத் தொடங்கும்போதே கட்டிவிட வேண்டும். காய் சொத்தையான பிறகு கட்டினால் முட்டையிட்ட பெண் ஈக்கள் பாட்டுக்கு இருக்கும்.

இதைவிட நம்பகமானது காயை மூடுவது. பூ உதிர்ந்து இரண்டு மூன்று நாளில், பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள், செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் காம்போடு கட்டிவிடுங்கள். அடிவாய் திறந்திருக்கலாம், ஆனால் குழல் காயை விட நீளமாக இருக்க வேண்டும். சொத்தைக் காயைச் செடியடியில் வீசாதீர்கள். புழு மண்ணுக்குள் சில செ.மீ. இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாகத் திரும்ப வரும். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் போடுங்கள்.

பிஞ்சு மஞ்சளாகி விழுந்து உள்ளே புழு இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை. மாடிக்குத் தேனீ வராத வீட்டில் கையால் செய்ய வேண்டும். பாகல், வெள்ளரி, பூசணி காலையில் மலரும், 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். சுரையும் புடலையும் சாயங்காலம் மலர்பவை. காலையில் போய்ச் சுரைப் பூவைத் தொட்டுப் பலனில்லை. முதல் இரண்டு வாரம் ஆண் பூவாகவே பூப்பது இயல்பு.

மற்றவை சுருக்கமாக

நீளப் பயறின் நுனியில் கறுப்பாக அப்பியிருப்பது அசுவினி. கிருஷி பவன் தாளில் முஞ்ஞ என்று இருக்கும். எறும்புதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிப் போகிறது, எறும்புப் புற்றைக் கவனிக்காமல் மருந்தடித்துப் பயனில்லை. முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். லெகானிசிலியம் பூசணத் தூள் லிட்டருக்கு 20 கிராம் நல்ல மருந்து, ஆனால் காற்றில் ஈரம் வேண்டும். ஆடிக் காற்று வறண்டு அடிக்கும் நாளில் அடித்தால் பூசணம் காய்ந்து செத்துவிடும். மழை விட்ட மாலைதான் அதற்கு நேரம்.

சிவப்புக் கீரையில் மழைக்காலத்து வெள்ளைப் புள்ளி: இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி அடியில் ஊற்றுங்கள். கோ 1 ரகப் பச்சைக் கீரையைக் கலந்து விதைத்தால் நோய் பரவுவது குறையும். தெளிக்க, 10 லிட்டர் நீரில் பெருங்காயம் 40 கிராம், மஞ்சள் தூள் 32 கிராம், சமையல் சோடா 8 கிராம்.

கத்தரிக் கொழுந்து தலை தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. ஓட்டைக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி நசுக்குங்கள். பூச்சி பார்க்கும் வழக்கம் தினமும் இருந்தால் இதற்கு மருந்தே தேவைப்படாது.

வேப்பெண்ணெய்க் கரைசல் ஏன் இலையைச் சுடுகிறது

அளவு எல்லோருக்கும் தெரியும்: லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மி.லி., பார் சோப்பு 5 கிராம், பூண்டு 20 கிராம் அரைத்து வடிகட்டிய சாறு. இளஞ்செடிக்கு இதில் பாதி. சோப்பை வெந்நீரில் கரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பால் மாதிரி ஆனதும்தான் பூண்டுச் சாறும் மீதித் தண்ணீரும். தவறுவது தண்ணீரில். கடினத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், எண்ணெய் பிரிந்து மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் வரும். அந்தக் கடைசிச் செடிகள்தான் கருகுவது. மழைத் தண்ணீரை ஒதுக்கி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கலக்கிய பின் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் அடிக்காதீர்கள். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடியில், கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும்.

டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், ஒன்றை ஒன்று அடக்கும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து தெளித்தாலும் அதே இடைவெளி.

பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்துவது

பயிர் முடிந்த பையைக் கொட்டி வேரைப் பொறுக்குங்கள். மாசி, பங்குனி வெயிலில் மண்ணை அரையடி உயரத்துக்குப் பரப்பி, நனைத்து, மெல்லிய ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரம் முழுக்க மண் அணைத்து 30 நாள் விடுங்கள். கறுப்புத் தாள் கூடாது, வெயில் தாளிலேயே நின்றுவிடும், மண் சூடேறாது. மண் காய்ந்திருந்தாலும் சூடு கீழே இறங்காது. சூடேற்றிய மண்ணில் நல்ல நுண்ணுயிரும் செத்திருக்கும். டிரைக்கோடெர்மா ஏற்றிய சாணம் நான்கில் ஒரு பங்கு சேர்த்து, ஒரு வாரம் ஈரத்தில் வைத்துப் பிறகு நடுங்கள். கத்தரி இருந்த மண்ணில் அடுத்து பயறோ வெண்டையோ கீரையோ. தக்காளியும் மிளகாயும் கத்தரியின் சொந்தக்காரர்கள், அதே நோய்தான் அவற்றுக்கும். வாடல் வந்து செத்த பையின் மண்ணை மட்டும் தோட்டத்துக்குள்ளேயே கொட்டாமல், தண்ணீர் வடிந்து திரும்பி வராத இடமாகப் பார்த்து, தென்னைக்கு அடியில் போட்டுவிடுங்கள். தென்னைக்கு அந்த வாடல் வராது.